ஏழு மாத்திரைகளில் எதை நிறுத்தலாம்?

கன்னியாகுமரி மாவட்டம் குலசேகரத்தை அடுத்த ஒரு சிற்றூரிலிருந்து 74 வயதுப் பெரியவர் ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். ரப்பர் தோட்டத்தில் கணக்கராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். 2018இல் மாரடைப்பு வந்தது. திருவனந்தபுரத்தில் ஆஞ்சியோ செய்து, ஒரு ரத்தக்குழாயில் அடைப்பைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற வலைக்குழாயை வைத்தார்கள். அதன் பிறகு நெஞ்சுவலி வந்ததில்லை. மகன் குவைத்தில், ஊரில் இவரும் மனைவியும் மட்டும். தினமும் ஏழு மாத்திரை சாப்பிடுகிறார். அட்டைகளை மேசையில் வரிசையாக அடுக்கிப் படம் எடுத்தும் அனுப்பியிருக்கிறார்.

தொடைகளில் வலி, காலையில் எழுந்ததும் தலைசுற்றல், கணுக்கால் வீக்கம், இரவில் மூன்று முறை சிறுநீருக்கு எழ வேண்டியிருப்பது ஆகியவை அவருடைய தொந்தரவுகள். போன மழைக்காலத்தில் ஒரு விடியற்காலையில் கிணற்றடியில் விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். மகன் அனுப்பிய கருவியில் அன்று பார்த்தபோது ரத்த அழுத்தம் 98/60. கடைசியாக எடுத்த எக்கோ என்ற இதய ஸ்கேனில் இதயம் சுருங்கும் திறன் 58 சதவீதம், நாடித்துடிப்பு 52, கெட்ட கொழுப்பு எனப்படும் எல்.டி.எல். 64. டாக்டரிடம் கேட்டால், "இதெல்லாம் ஆயுள் முழுக்கச் சாப்பிட வேண்டியது" என்ற ஒரே பதில்தான் வருகிறதாம்.

இதற்கிடையில் ஒரு காணொளி பார்த்திருக்கிறார். கொலஸ்ட்ரால் மாத்திரை மருந்துக் கம்பெனிகளின் சதி, காலையில் வெறும் வயிற்றில் இரண்டு கரண்டி தேங்காயெண்ணெய் குடித்தால் போதும் என்கிறது அது. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் எல்லா மாத்திரைகளையும் ஒரேயடியாக நிறுத்தினார். இரண்டு மூன்று நாளில் தலைசுற்றல் போய்விட்டது. ஐந்தாம் நாள் படபடப்பு, அழுத்தம் 172/98. பயந்துபோய் எல்லாவற்றையும் மறுபடி தொடங்கினார், "வயிற்று மாத்திரை" ஒன்றைத் தவிர. அதைச் சும்மா துணைக்குத்தான் கொடுப்பார்கள் என்று மருந்துக்கடையில் யாரோ சொன்னார்களாம்.

"என் அப்பா பனையேறி. 92 வயதுவரை ஒரு மாத்திரை தொட்டதில்லை. எனக்கு மட்டும் ஏன் இத்தனை? எதையெல்லாம் நிறுத்தலாம்?" என்று கேட்கிறார். கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒரு வரி: போன மாதம் இரண்டு நாள் மலம் தார் போலக் கறுத்துப் போனது, சாப்பிட்ட எதுவோ ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் அவருடைய மனைவியும் ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்.

ஐயா,

மாத்திரைகளைப் பற்றிக் கேள்வி கேட்டதற்காக உங்களை யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. உங்கள் வயதில், உங்கள் அளவுக்கு மருந்து சாப்பிடுகிற ஒருவர் கேட்டே ஆக வேண்டிய கேள்வி அது. ஆனால் நீங்கள் சந்தேகப்பட்டிருப்பது பெரும்பாலும் உங்களுக்கு வேண்டிய மருந்துகளை. சந்தேகப்பட வேண்டியவை அந்தப் படத்தில் ஓசைப்படாமல் உட்கார்ந்திருக்கின்றன.

முதலில் அந்தக் கறுத்த மலம்

நான்கு பக்கத்தில் மூன்றரைப் பக்கம் தொடை வலியும் கொலஸ்ட்ராலும். எனக்கு அவசரமாகப் பட்டதோ நீங்கள் ஓரத்தில் எழுதிய அந்த ஒரு வரிதான். தார் போலக் கறுத்து, பிசுபிசுப்பாக மலம் போனால், இரைப்பையிலோ சிறுகுடலின் தொடக்கத்திலோ ரத்தம் கசிந்திருக்கிறது என்றுதான் ஒரு மருத்துவர் எடுத்துக்கொள்வார். அப்படி இல்லை என்று பரிசோதனை சொல்லும்வரை. இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும், உண்மைதான். உங்கள் படத்தில் இரும்புச்சத்து மாத்திரை இல்லை. இருப்பவை ரத்தம் உறையாமல் தடுக்கும் ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், முட்டுவலிக்காக நீங்களே கடையில் வாங்கிச் சாப்பிடும் டைக்ளோஃபெனாக். மூன்றுமே ரத்தக்கசிவை வரவழைக்கக் கூடியவை. இவற்றுக்கு எதிராக இரைப்பையைக் காத்துக்கொண்டிருந்தது பான்டோபிரசோல் என்ற அந்த வயிற்று மாத்திரை. அதைத்தான் மறுபடி தொடங்காமல் விட்டுவிட்டீர்கள். அடுத்து மலம் கறுத்தது.

ஆகவே இதைப் படித்த கையோடு டைக்ளோஃபெனாக்கை நிறுத்துங்கள். இன்றோ, மிஞ்சிப் போனால் நாளைக் காலையோ, தக்கலை அரசு மருத்துவமனைக்கோ ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ போங்கள். போனதும் முதலில் இந்த விஷயத்தைச் சொல்லுங்கள். தலைசுற்றலிலிருந்து ஆரம்பித்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும். ஹீமோகுளோபின் பார்ப்பார்கள்; தேவைப்பட்டால் எண்டோஸ்கோப்பி செய்வார்கள். பான்டோபிரசோலை மறுபடி தொடங்கச் சொல்வார்கள் என்றே எதிர்பார்க்கிறேன். அதற்கு முன்பே மலம் மீண்டும் கறுத்தாலோ, காப்பித்தூள் நிறத்தில் வாந்தி வந்தாலோ, வியர்த்து மயக்கம் வருவதுபோல இருந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

"அப்படியானால் ஆஸ்பிரினையும் இப்போதே நிறுத்திவிடலாமே" என்று நினைப்பீர்கள். முழுதாக நிறுத்தாதீர்கள். உங்களுக்குள் ஸ்டென்ட் இருக்கிறது. எதை, எத்தனை நாள் நிறுத்துவது என்பதை உங்களை நேரில் பார்க்கும் மருத்துவர் முடிவு செய்யட்டும். ஆனால் ஒன்றை மட்டும் இன்றே ஒதுக்கிவைக்கலாம்.

ஏழு அட்டை, பத்து மருந்து

படத்தைப் பெரிதாக்கி ஒவ்வொரு அட்டையாகப் படித்தேன். ஏழு என்று எழுதியிருக்கிறீர்கள். உள்ளே இருக்கும் மருந்துகளை எண்ணினால் பத்து வருகிறது. இடது ஓரத்தில் இருக்கும் காப்ஸ்யூலில் மட்டும் மூன்று: ஆஸ்பிரின் 75 மில்லிகிராம், குளோபிடோக்ரெல் 75, கொலஸ்ட்ராலுக்கான அட்டோர்வாஸ்டாட்டின் 20. அழுத்தத்துக்கான மாத்திரையில் இரண்டு: டெல்மிசார்டான், அம்லோடிபின். பிறகு நாடியைக் குறைக்கும் மெட்டோபிரோலால், நீர் பிரிக்கும் ஃப்ரூசமைடு, பான்டோபிரசோல், டைக்ளோஃபெனாக். இவை போக, ஓர் இலவச முகாமில் உங்களுக்கும் மனைவிக்கும் சேர்த்துக் கொடுத்ததாக நீங்கள் எழுதியிருக்கும் சின்ன வெள்ளை மாத்திரை. அதுவும் ஆஸ்பிரின் 75தான். காப்ஸ்யூலுக்குள் ஏற்கெனவே இருப்பதையே இன்னொரு முறை விழுங்கிக்கொண்டிருக்கிறீர்கள். அந்த முகாம் அட்டையை இன்றே எடுத்து வைத்துவிடுங்கள். காப்ஸ்யூலில் இருக்கும் ஆஸ்பிரினே உங்களுக்குப் போதும்.

காப்ஸ்யூலைப் பற்றியும் கேட்க வேண்டும். மாரடைப்புக்காக ஸ்டென்ட் வைத்த பிறகு ஆஸ்பிரினையும் குளோபிடோக்ரெலையும் சேர்த்துக் கொடுப்பது வழக்கமாக ஓராண்டுக்கு. அந்த ஓராண்டில் ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையும் ஆபத்து அதிகம். அதற்காகவே இரட்டைக் காவல். அதன் பிறகு பெரும்பாலானவர்களுக்கு இரண்டில் ஒன்று போதும், அந்த ஒன்று ஆயுள் முழுக்க. உங்கள் டாக்டர் "ஆயுள் முழுக்க" என்று சொன்னதில் இந்தப் பாதி சரி. உங்கள் கணக்குப்படி கூட்டு மருந்து 2019இல் முடிந்திருக்க வேண்டும். ஸ்டென்ட் சிக்கலான இடத்தில் இருந்தால், வேறு அடைப்புகள் இருந்தால், இதய மருத்துவர் வேண்டுமென்றே நீட்டித்திருக்கலாம். அதை டிஸ்சார்ஜ் சம்மரியை, அதாவது மருத்துவமனையிலிருந்து அனுப்பும்போது தரும் சிகிச்சைச் சுருக்கத்தை, பார்த்தால்தான் சொல்ல முடியும். என் ஊகம், யாரும் நீட்டிக்கவில்லை. யாரும் நிறுத்தச் சொல்லவுமில்லை. பழைய சீட்டைக் காட்டியதும் கடையில் அதே அட்டையை எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். மூன்று மருந்தை ஒரே காப்ஸ்யூலில் அடைப்பதில் இருக்கும் வசதி நோயாளிக்குத்தான் என்று சொல்வார்கள். ஒன்றை மட்டும் எடுத்துவிட வேண்டிய நாள் வரும்போது அதுவே இடைஞ்சலாகிவிடுகிறது.

அந்த டிஸ்சார்ஜ் சம்மரி வீட்டில் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். சிகிச்சை பெற்ற மருத்துவமனையில் கேளுங்கள். 2002ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளிகளின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் வைத்திருப்பதுதான் அந்த விதிப்படி கட்டாயம். உங்களுடையது அதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் ஸ்டென்ட் வைத்த இடங்களில் பெரும்பாலும் கணினியில் இருக்கும். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

தலைசுற்றல் எங்கிருந்து வந்தது

இதய பலவீனம் என்று நினைத்துப் பயந்திருக்கிறீர்கள். எக்கோவில் 58 சதவீதம் என்றால் இதயம் நன்றாகவே வேலை செய்கிறது. நான் கடிதத்தைத் தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். 2021இல் அழுத்தத்துக்காக அம்லோடிபின் சேர்த்தார்கள். சில மாதங்களில் கணுக்கால் வீங்கியது. அம்லோடிபினுக்குக் கணுக்கால் வீக்கம் மிகவும் சாதாரணமான பக்கவிளைவு. அதை இதயக் கோளாறாகவோ சிறுநீரகக் கோளாறாகவோ எடுத்துக்கொண்டு, இன்னொரு டாக்டர் நீர் பிரிய ஃப்ரூசமைடு கொடுத்தார். இந்த வகை வீக்கம் அதற்குச் சரியாக வடியாது. அதனால் வீக்கம் அப்படியே இருக்கிறது. உடம்பில் நீர் குறைந்து, எழுந்து நிற்கும்போது அழுத்தம் இறங்குகிறது. மாலையில் அதைச் சாப்பிடுவதால் இரவில் தூக்கமும் போகிறது. ஒரு மாத்திரையின் விளைவை நோயென்று நினைத்து இன்னொரு மாத்திரை கொடுப்பது முதியவர்களிடம் நாங்கள் அடிக்கடி பார்க்கும் சங்கிலி.

டிசம்பரில் நீங்கள் செய்தது ஆபத்தான காரியம். ஆனால் அதில் இரண்டு உண்மைகள் வெளிப்பட்டன. மாத்திரை இல்லாத நாட்களில் தலைசுற்றல் போனது. எனவே அழுத்த மாத்திரைகளின் மொத்த அளவு உங்களுக்கு அதிகம். ஐந்தாம் நாள் படபடப்பும் 172ம் வந்தன. எனவே மருந்தே வேண்டாம் என்பதும் சரியல்ல, மெட்டோபிரோலாலைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. இந்த மருந்து இதயத்தை அட்ரினலினிடமிருந்து ஒதுக்கி வைத்திருக்கிறது. திடீரென்று எடுத்துவிட்டால் இதயம் துள்ளும். இதயநோய் உள்ளவருக்கு அதுவே மாரடைப்பில் முடியலாம். நிறுத்துவதானால் வாரக்கணக்கில் அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.

அப்படிக் குறைக்கலாமா என்று கேட்பதற்கு இப்போது நியாயம் இருக்கிறது. மாரடைப்புக்குப் பின் எல்லோருக்கும் மெட்டோபிரோலால் போன்ற மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்து வந்தோம். 2024இல் ஸ்வீடன், எஸ்டோனியா, நியூஸிலாந்து நாடுகளில் 5,020 பேரிடம் நடந்த ஆய்வின் முடிவு வந்தது. மாரடைப்புக்குப் பிறகும் இதயத்தின் சுருங்கும் திறன் 50 சதவீதத்துக்குக் குறையாதவர்களுக்கு இந்த மருந்தைத் தொடங்குவதால் மரணமோ மறு மாரடைப்போ குறையவில்லை. அதே ஆண்டில் பிரான்ஸிலிருந்து வந்த இன்னோர் ஆய்வு கொஞ்சம் எச்சரிக்கிறது: நெடுநாள் சாப்பிட்டு வந்ததை நிறுத்தியவர்களில் இதயப் பிரச்சினைக்காக மருத்துவமனையில் சேர்ந்தவர்கள் சற்று அதிகம், அழுத்தமும் நாடியும் ஏறின. ஆக, இது திறந்திருக்கும் கேள்வி. உங்கள் நாடி 52ஆக இருப்பதையும் தலைசுற்றலையும் சேர்த்துப் பார்த்தால், அளவைக் குறைப்பதைப் பற்றி இதய மருத்துவரிடம் தாராளமாகப் பேசலாம். ஆனால் அழுத்த மருந்துகளில் நான் முதலில் கை வைப்பதென்றால் ஃப்ரூசமைடிலும் அம்லோடிபினிலும் வைப்பேன்.

டாக்டரிடம் போகும் முன் ஒரு வாரம் இப்படி அளந்து எழுதி வையுங்கள். காலையில் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து ஒரு முறை. எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை. மூன்றாம் நிமிடத்தில் இன்னொரு முறை. மேல் எண் 20 அல்லது அதற்கு மேலோ, கீழ் எண் 10 அல்லது அதற்கு மேலோ குறைந்தால், உங்கள் தலைசுற்றலுக்குக் காரணம் எழுத்திலேயே கிடைத்துவிட்டது. 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கு வரும் பெண் ஊழியரிடம் சொன்னால் அவரும் நிற்க வைத்து அளந்து தருவார். அழுத்தத்தை 120க்குக் கீழே கொண்டுவருவது நல்லது என்று காட்டிய 2015ஆம் ஆண்டின் பெரிய அமெரிக்க ஆய்வில்கூட, நிற்கும்போது 110க்குக் கீழே போகிறவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 120 என்ற அந்த எண்ணைக் காட்டி உங்களை யாரும் வற்புறுத்தினால் இதைச் சொல்லுங்கள்.

டைக்ளோஃபெனாக்கை நான் விடாமல் பிடித்துக்கொண்டிருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. டெல்மிசார்டான், நீர் பிரிக்கும் மாத்திரை, வலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒரே உடம்பில் சேர்ந்தால் சிறுநீரகம் சத்தமில்லாமல் கெடும். ரத்தத்தில் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் இந்த முறை கட்டாயம் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீரகம் சரியில்லை என்று தெரிந்தால், தினமும் இரண்டு இளநீர் குடிக்கும் பழக்கத்தையும் டாக்டரிடம் சொல்ல வேண்டும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், டெல்மிசார்டானும் அதை உடம்பில் தேக்கும். முட்டுவலிக்குப் பாரசிட்டமால், மேலே தடவும் களிம்பு, தொடைத் தசைக்கான பயிற்சி என்று வேறு வழிகள் இருக்கின்றன.

கொலஸ்ட்ரால் மாத்திரை

எல்.டி.எல். 64தானே, இனி எதற்கு மாத்திரை என்கிறீர்கள். 64ஆக இருப்பதே மாத்திரையால்தான். பேச்சிப்பாறை அணை நின்ற பிறகு கோதையாற்றில் வெள்ளம் அடங்கிவிட்டது, இனி அணை எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

சதி என்ற பேச்சுக்கு வருவோம். அட்டோர்வாஸ்டாட்டினின் காப்புரிமை காலாவதியாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. இன்று எத்தனையோ கம்பெனிகள் மலிவாகச் செய்கின்றன. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே தருகிறார்கள். லாபத்துக்காகச் சதி செய்கிறவன் இவ்வளவு மலிவான சரக்கைத் தேர்ந்தெடுக்க மாட்டான். ஆதாரம் கேட்டால், ஸ்காண்டிநேவிய நாடுகளில் ஏற்கெனவே இதயநோய் இருந்த 4,444 பேரிடம் செய்து 1994இல் வெளியான ஆய்வு இருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்குச் சற்று அதிகமான காலத்தில் மருந்தில்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களில் 100க்கு 12 பேர் இறந்தார்கள். அட்டோர்வாஸ்டாட்டினின் வகையைச் சேர்ந்த ஸ்டாட்டின் மருந்தைச் சாப்பிட்டவர்களில் 8 பேர். அதற்குப் பின் வந்த ஆய்வுகள் பலவும் இதையே உறுதி செய்தன. 75 வயதைத் தாண்டிய, இதயநோயே வராத ஒருவருக்குப் புதிதாக ஸ்டாட்டின் தொடங்கலாமா என்பதில் மருத்துவர்களுக்குள் இன்னும் கருத்து வேறுபாடு உண்டு. காணொளிகள் அந்த விவாதத்தை எடுத்துக்கொண்டு வந்து, மாரடைப்பு கண்ட உங்கள் முன்னால் வைக்கின்றன. உங்களுக்கு அது பொருந்தாது.

தொடை வலியை நான் அலட்சியம் செய்யவில்லை. ஸ்டாட்டினால் தசைவலி வருவதுண்டு. ஆனால் வருகிற எல்லா வலிக்கும் அது காரணமில்லை. லண்டனில் 2020இல் ஒரு விசித்திரமான ஆய்வு வெளியானது. பக்கவிளைவு தாங்காமல் ஸ்டாட்டினைக் கைவிட்ட 60 பேரை அழைத்து, சில மாதங்கள் ஸ்டாட்டின், சில மாதங்கள் உள்ளே மருந்தே இல்லாத மாத்திரை, சில மாதங்கள் எதுவுமே இல்லை என்று மாற்றி மாற்றிக் கொடுத்தார்கள். மருந்து உள்ள மாத்திரை எது, வெற்று மாத்திரை எது என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டினில் வந்த தொந்தரவில் பத்தில் ஒன்பது பங்கு வெற்று மாத்திரையிலும் வந்தது. வலி பொய்யல்ல; காரணம்தான் வேறு. விவரம் தெரிந்தபின் அவர்களில் பாதிப்பேர் ஸ்டாட்டினுக்குத் திரும்பினார்கள். உங்களுக்கும் முதலில் சி.பி.கே. என்ற தசை நொதி, தைராய்டு, வைட்டமின் டி ஆகியவற்றைப் பார்க்கட்டும். அப்போதும் மாத்திரைமீதே சந்தேகம் இருந்தால், அளவைக் குறைக்கலாம், இன்னொரு ஸ்டாட்டினான ரோசுவாஸ்டாட்டினுக்கு மாறலாம், கொழுப்பைக் குறைக்கும் வேறு வகை மருந்தான எஸெட்டிமைப் சேர்க்கலாம். ஒரேயடியாக விட்டுவிடுவது கடைசி வழி.

தேங்காயெண்ணெய் பற்றி நம் மாவட்டத்துக்காரரிடம் பேசுவது எனக்குத் தர்மசங்கடம்தான். தீயலும் அவியலும் அது இல்லாமல் தீயலும் அவியலும் ஆகாது. நானும் அதைச் சாப்பிடுகிறவன். ஆனால் அதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. மற்ற தாவர எண்ணெய்களோடு ஒப்பிட்டால் எல்.டி.எல்.ஐ உயர்த்துகிறது. தாளிக்க அளவாக ஊற்றுவது ஒன்று, மருந்தென்று வெறும் வயிற்றில் கரண்டி கரண்டியாகக் குடிப்பது வேறொன்று. அந்தக் கரண்டியை விட்டுவிடுங்கள். நாட்டு வைத்தியரான ஆசான் கொடுக்கும் மருதம்பட்டைக் கஷாயத்தைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். குடிப்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். இந்த மருந்துப் பட்டியலை ஆசானிடமும் காட்டுங்கள். ஸ்டென்ட் வைத்தவருக்கு மாத்திரைக்கு மாற்றாக அதை வைக்க ஆதாரம் இல்லை.

உங்கள் அப்பா 92 வயதுவரை இருந்தது பெரும் பேறு. தினமும் பனை ஏறி இறங்கியவருக்கு அதைவிட நல்ல உடற்பயிற்சி வேறில்லை. ஆனால் அவர் காலத்திலேயே ஐம்பதிலும் அறுபதிலும் "நெஞ்சடைத்துப் போய்ச் சேர்ந்தவர்கள்" உங்கள் ஊரிலும் இருந்திருப்பார்கள். அவர்களைப் பற்றி யாரும் பெருமையாகப் பேசுவதில்லை என்பதால் நினைவிலிருந்து மறைந்துவிடுகிறார்கள். தவிர, உங்கள் அப்பாவுக்கு மாரடைப்பு வரவில்லை. உங்களுக்கு வந்தது.

மாத்திரைக்கு வெளியே

எதை நிறுத்தலாம் என்று கேட்டீர்கள். பீடியை 2018லேயே விட்டுவிட்டேன், வெற்றிலையோடு கொஞ்சம் புகையிலை மட்டும் என்று எழுதியிருக்கிறீர்களே, நிறுத்த வேண்டியவற்றில் முதலிடம் அதற்குத்தான். வாயில் அடக்கினாலும் நிக்கோட்டின் ரத்தத்துக்குத்தான் போகிறது. நாடியும் அழுத்தமும் ஏறுகின்றன. வாய்ப் புற்றுநோய் வேறு.

கருவாடும் ஊறுகாயும் அப்பளமும் ஒரே வேளையில் வேண்டாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு ஒரு நாளைக்கு 5 கிராம் உப்பு, அதாவது ஒரு தேக்கரண்டிக்குள். ஒரு துண்டு கருவாடே அதில் பெரும்பங்கைத் தின்றுவிடும். உப்பிடாத சாளையும் அயிலையும் குழம்பாகத் தாராளமாகச் சாப்பிடுங்கள். கஞ்சியோடு பயறு நல்ல துணை. வயதாக ஆகத் தசை கரையும், புரதம் குறையக் கூடாது. மரச்சீனிக் கிழங்கு வயிற்றை நிரப்பும், தசைக்கு ஒன்றும் தராது. அதோடு மீனோ பயறோ இருக்கட்டும்.

நடை, வாரத்தில் 150 நிமிடம் என்பது பொதுவான அறிவுரை. தலைசுற்றல் தீரும்வரை உங்களுக்கு அது வேண்டாம். ரப்பர் தோட்டத்துச் சரிவில் தனியாக நடப்பதும் வேண்டாம். கை வைக்காமல் நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதைக் காலையும் மாலையும் பத்துப் பத்து முறை செய்து பாருங்கள். இந்த வயதில் தொடை வலுவாக இருந்தால்தான் விழாமல் இருக்கலாம். நம் மாவட்டத்தில் தென்மேற்கும் வடகிழக்குமாக இரண்டு பருவமழை; கிணற்றடியிலும் முற்றத்திலும் ஆண்டில் பாதி நாள் பாசி. அதைத் தேய்த்துக் கழுவ ஆள் வையுங்கள். இடுப்பெலும்பு முறிந்து படுத்தால், மாரடைப்பைத் தாண்டியவர்கூட எழ முடியாமல் போகிறார். ஆண்டுக்கொரு முறை ஃப்ளூ தடுப்பூசியும் போட்டுக்கொள்ளுங்கள். இதயநோய் உள்ளவர்களுக்கு அது வீண் செலவில்லை.

டாக்டரிடம் எப்படிக் கேட்பது

ரத்தக்கசிவு விவகாரம் முடிந்தபின், முடிந்தால் இதய மருத்துவரிடம் ஒரு முறை மருந்துகளைப் பற்றி மட்டும் பேசுவதற்கென்றே போங்கள். எல்லா அட்டைகளையும், கஷாயப் பொடி உட்பட, ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். "இத்தனை எதற்கு?" என்று ஆரம்பித்தால் அவர் தற்காப்பாகத்தான் பதில் சொல்வார். ஒவ்வோர் அட்டையாக எடுத்து வைத்துக் கேளுங்கள்: இது எதற்காகத் தொடங்கப்பட்டது, அந்தக் காரணம் இன்றும் இருக்கிறதா, குறைத்தால் நான் எதைக் கவனிக்க வேண்டும்? ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும். இரண்டு மூன்று வாரம் விட்டு அடுத்தது. இல்லாவிட்டால் எதனால் எது நடந்தது என்று தெரியாமல் போகும், டிசம்பரில் ஆனதுபோல. எழுதி வாங்கிக்கொண்டு, பழைய சீட்டுகளைக் கிழித்துப் போடுங்கள். புதுச் சீட்டை மகனுக்குப் படம் எடுத்து அனுப்பினால் அவரும் குவைத்திலிருந்து பதறாமல் இருப்பார்.

இதற்கிடையில் எப்போதாவது நெஞ்சில் அழுத்தம், இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, காரணமில்லாத வியர்வை வந்தால், வாயு என்று ஓமவாட்டர் குடித்துக்கொண்டிருக்காதீர்கள். 108ஐ அழையுங்கள், அல்லது பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள். 'இதயம் காப்போம்' திட்டத்தில் அங்கேயே முதல் மருந்துகளைக் கொடுத்து அனுப்புகிறார்கள். அங்கும், அண்மையில் மலம் கறுத்ததைச் சொல்லுங்கள்.

அம்மாவின் கேள்விக்கு

அம்மா, "எனக்கு 69 வயது, பிரஷர் மட்டும்தான் இருக்கிறது, முகாமில் கொடுத்த ஆஸ்பிரினைத் தொடரலாமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். உங்களுக்கு மாரடைப்போ பக்கவாதமோ ஸ்டென்டோ இல்லை என்றால், பெரும்பாலும் வேண்டியதில்லை. ஆஸ்திரேலியாவிலும் அமெரிக்காவிலும் உங்களைப் போல இதயநோய் இல்லாத 19,114 பேரிடம், பெரும்பாலும் 70 வயதைக் கடந்தவர்களிடம், செய்த ஆய்வு 2018இல் வெளியானது. தினமும் ஆஸ்பிரின் சாப்பிட்டதால் அவர்கள் கூடுதல் காலம் நலமாக வாழவில்லை. பெரிய ரத்தக்கசிவு மட்டும் 100க்கு 3 பேருக்கு என்பதிலிருந்து ஏறக்குறைய 4 பேருக்கு என்று கூடியது. உங்கள் கணவருக்கு உயிர்காக்கும் அதே மருந்து உங்களுக்கு நன்மையைவிடத் தீமையே அதிகம் செய்யக்கூடும். எப்போதாவது கை கால் மரத்துப் போயிருந்தாலோ வாய் குழறியிருந்தாலோ மட்டும் டாக்டரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்; இல்லாவிட்டால் அடுத்த முறை பிரஷர் பார்க்கப் போகும்போது சொல்லிவிட்டு நிறுத்தலாம். பிரஷர் மாத்திரையை விட்டுவிடாதீர்கள், அது வேறு. மிச்சமிருக்கும் ஆஸ்பிரின் அட்டையை வீணாக்க வேண்டாமே என்று அவருடைய டப்பாவில் போட்டுவிடாதீர்கள். அவர் ஏற்கெனவே உங்கள் பங்கையும் சேர்த்துத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.